ஐந்நூற்று இருபத்தெட்டு சதுர அடி கித்தான்

அத்தியாயம் பதினேழு

எண்பத்தெட்டு மதிப்பெண் வாங்கிய பெண்ணின் அம்மாவை எதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்வார்கள்?

சென்ற வாரம் நம்மைக் குடைந்த இந்தக் கேள்வி, மாஸ்டரம்மாவையும் தூங்க விடவில்லை. முப்பத்தொன்று வாங்கியபோது கூப்பிட்டிருந்தால் அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. முதல் மாதிரித் தேர்வில், கணக்கில், மகள் அமுக்குணி வாங்கியது அவ்வளவுதான். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஈ காக்கா கூப்பிடவில்லை. மூன்று வாரம் கழித்து, இரண்டாவது மாதிரித் தேர்வில் எண்பத்தெட்டு வந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாஸ்டரம்மா கித்தான் பட்டறையில் துணி வெட்டுபவள்; வெட்டுகிறவரை அங்கே மாஸ்டர் என்பார்கள். லாரி தார்ப்பாயோ, கூடாரமோ, அவள் கத்தரி பட்ட பிறகுதான் தையல் மிஷினுக்குப் போகும். கணவருக்குக் கப்பலில் சமையல் வேலை. வீட்டுக்கு வருவது குரல் மட்டும். மகள் பத்தாம் வகுப்பு. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும், அதுவும் 'ம்' என்று வரும். அதனால் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். பெயர் வைத்தவள் அதே வீட்டில் இருக்கும் சித்தி, மாஸ்டரம்மாவின் தங்கை. சித்திக்கு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை.

அந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். கணக்கு சார் வைத்திருந்தார்.

கணக்கு சார் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர் என்பது பிள்ளைகள் கட்சி. தேர்வு நடக்கும்போது யாராவது தும்மினால், பதிலுக்கு யார் தும்முகிறார்கள் என்று கவனிப்பாராம். ஆசிரியர் அறையில் மாஸ்டரம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பொண்ணு வீட்டுல படிக்கிறாளா?"

"காலையில நாலு மணிக்கே எழுந்துக்கறா சார்."

"மூணு வாரத்துல அம்பத்தேழு மார்க் ஏறியிருக்கு."

"ஏறினா சந்தோஷம்தானே சார்."

"சந்தோஷப்படத்தான் பாக்கறேன். முடியல." அவர் ஒரு விடைத்தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். "பதினாலாவது கேள்வி. கூம்பு மாதிரி ஒரு கூடாரம், அதுக்கு எவ்வளவு கித்தான் வேணும்னு கண்டுபிடிக்கணும். அஞ்சு மார்க். என் வகுப்புல முப்பத்தெட்டு பேர். இருபத்தாறு பேர் அதைத் தொடவே இல்ல. பதினொரு பேர் தப்பா போட்டிருக்காங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் சரியா போட்டிருக்கா."

பட்டறையில் நாள் முழுக்கக் கித்தானோடு புரளுகிறவளின் மகள் கித்தான் கணக்கைச் சரியாகப் போட்டதில் என்ன அதிசயம் என்று மாஸ்டரம்மாவுக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தாள்.

"அந்தப் பதினொரு பேரும் ஒரே தப்பு" என்றார் சார், அவள் சொன்னதைக் காதில் வாங்காமல். "அத்தனை பேரும் ஐந்நூத்தம்பது. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. அது வேற விசாரணை, அதை நான் வெச்சுக்கறேன். இதைப் பாருங்க."

அவர் தன் குறிப்பேட்டை விடைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். குறிப்பேட்டில் இரண்டு வரி. 22/7 × 7 × 24. கீழே, 528 சதுர அடி. மகளின் விடைத்தாளிலும் அதே இரண்டு வரி. கூட ஒரு கோடு இல்லை, குறைய ஒரு புள்ளி இல்லை.

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே எழுதியிருக்கா."

"மத்த முப்பத்தேழு பேருக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?"

அவள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சார் குரலைத் தாழ்த்தினார். "கேள்வித்தாளை நான் கையாலதான் எழுதிக் கொடுக்கறேன். ஓரத்துல விடையையும் குறிச்சு வெக்கறது என் பழக்கம். ஓரத்தை மடிச்சு ஒரு பின் குத்தித்தான் கொடுப்பேன். அது எந்தக் கடைக்குப் போய் டைப் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும். அங்க யாரு உக்காந்து டைப் அடிக்கறாங்கன்னும் தெரியும்."

"என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்ல சார்."

"நல்லதா போச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்கு வந்து அதையே சொல்லுங்க. இறுதித் தேர்வுக்குப் பேர் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். கேள்வித்தாள் வெளிய போயிருக்குன்னு முடிவாயிட்டா, அவ பேர் போகாது."

"ஒரு வருஷம் வீணா போயிடும் சார்."

"அதனாலதான் ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் அவர். கொடுமைக்காரர் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, பார்த்துப் போங்கள், படியில் தண்ணீர் கிடக்கிறது என்றுகூடச் சொன்னார்.

பட்டறைக்கு வந்து மேஜையில் பச்சைக் கித்தானை விரித்துப் போட்டாள் மாஸ்டரம்மா. சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். வெட்ட வரவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் மனிதருக்கு ஞாபகசக்தி திடீரென்று கூடிவிடுகிறது. போன வாரம் தங்கை, "கணக்குப் பேப்பர் குடுத்துட்டாங்களா?" என்று ஒரே நாளில் இரண்டு தரம் கேட்டாள். அமுக்குணியின் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பாடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவளுக்குக் கணக்குப் புத்தகம் எதற்கு? கடையிலிருந்து போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறாள். சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிறாள். அப்போதெல்லாம் காதல் கீதலாக இருக்கும் என்று நினைத்து, அக்காக்காரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொன்றும் வரிசையில் வந்து நின்று கைகட்டிச் சாட்சி சொல்லிற்று.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கோடு ஒரு பக்கம் இருக்க, கத்தரி வேறு பக்கம் போயிற்று. எதிர் மிஷினில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மாஸ்டரம்மா, வீட்டுக்குப் போங்க. துணி பாவம்."

வீட்டில் யாரும் இல்லை. துணி மடித்து வைக்கத்தான் அலமாரியைத் திறக்கிறோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அலமாரியில் மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டு மகளுடையது, நடுத்தட்டு தங்கையுடையது. மடித்து வைக்க மேல்தட்டில் நிறையவே இருந்தது. கை நடுத்தட்டுக்குத்தான் போயிற்று.

மடித்த போர்வைக்கு அடியில், நாலாக மடித்த தாள்கள் இரண்டு இருந்தன.

கையெழுத்தைக் காலையில்தான் பார்த்திருந்தாள். கொக்கி கொக்கியாகச் சாய்ந்த அதே எழுத்து. ஒன்றின் தலையில் 'முதல் மாதிரித் தேர்வு', மற்றதில் 'இரண்டாவது மாதிரித் தேர்வு'. இரண்டிலும் வலது ஓரம் மடிந்திருந்தது. பின் இருந்த துளை தெரிந்தது, பின் இல்லை. ஓரத்தைப் பிரித்தாள். பதினான்குக்கு நேரே, 528.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தங்கைமேல் வந்த கோபத்தைவிட, தன்மேல் வந்த வெட்கம் பெரிதாக இருந்தது. எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு என்று பட்டறை முழுக்கச் சொல்லியாயிற்று. துணி இறக்க வந்த டிரைவரை நிறுத்திச் சொன்னாள். போனில் கப்பல்காரரிடம் சொன்னபோது அவர் குரல் கரகரத்தது. அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அழுகைக்கு இனி என்ன பதில் சொல்வது?

நாலரை மணிக்கு அமுக்குணி வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கை கழுவினாள். அம்மா இந்த நேரத்தில் வீட்டில் இருப்பதைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

"உக்காரு" என்றாள் மாஸ்டரம்மா.

உட்கார்ந்தாள்.

"சித்தி உனக்கு ஏதாவது குடுத்தாளா?"

"என்ன?"

"பரீட்சைக்கு முன்னாடி. ஏதாவது பேப்பர்."

"இல்ல."

"சார் எல்லாத்தையும் சொல்லிட்டார். இப்ப உண்மையைச் சொன்னா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இந்த வாக்கியத்தை நம்பி உண்மை சொன்ன பிள்ளை உலகத்தில் கிடையாது. அமுக்குணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் மாஸ்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தாள்களை எடுத்துப் பாயில் போட்டாள்.

"இது என்ன?"

"சார் கையெழுத்து" என்றாள் மகள். குனிந்து பார்த்தாள், தொடவில்லை. "இது ஏம்மா நம்ம வீட்டுல இருக்கு?"

"நீ சொல்லு."

"நான் இதைப் பாத்ததே இல்ல."

"அப்ப ஐந்நூத்தி இருபத்தெட்டு எங்கேருந்துடி வந்தது? வகுப்புல ஒருத்திக்கும் வராதது உனக்கு மட்டும் எப்படி வந்தது?"

அமுக்குணி எழுந்து போனாள். பையிலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். நாற்பது பக்க நோட்டு, நடுவில் மடிந்து நைந்திருந்தது. அதற்குள் முதல் மாதிரித் தேர்வின் விடைத்தாளையும் மடித்து வைத்திருந்தாள். இரண்டையும் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து பேசியதையெல்லாம் சேர்த்தாலும் வராத அளவுக்குப் பேசினாள்.

"முப்பத்தொண்ணு வந்த அன்னைக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? உன் மூளையை நம்பாதே, சார் சிவப்பு மையில என்ன எழுதியிருக்காரோ அதைப் படின்னு சொன்னே. அதைத்தான் பண்ணேன். போன அறுபத்தொம்பது மார்க்கும் எங்க போச்சுன்னு ஒண்ணு ஒண்ணா பிரிச்சு எழுதினேன். தெரியாம போனது இருபத்திரண்டு. அவசரத்துல போனது முப்பது. கேள்வியைச் சரியா படிக்காம போனது பன்னிரண்டு. தெரியாததைத் தெரிஞ்சுக்கிட்டேன். அவசரமா பண்ணதையெல்லாம் மறுபடி மெதுவா பண்ணேன். கேள்வியை ரெண்டு தடவை படிக்கப் பழகினேன். எண்பத்தெட்டு அப்படித்தான் வந்தது."

மாஸ்டரம்மா மனக்கணக்குப் போட்டாள். துணிக்காரிக்கு அது கைவந்த கலை. "அறுபத்து நாலுதான் வருது. மீதி அஞ்சு?"

மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரே ஒரு கணக்கு தனியாக இருந்தது. அதன் தலையில், 'இது ஏன் தப்பு என்று புரியவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று எழுதியிருந்தாள்.

முதல் மாதிரித் தேர்விலும் ஒரு கூடாரக் கணக்கு இருந்தது. ஆரம் 21 அடி, உயரம் 28 அடி. அமுக்குணி முக்கால் பக்கத்துக்கு என்னென்னவோ செய்து 2310 சதுர அடி என்று முடித்திருந்தாள். சார் அத்தனையையும் குறுக்கே அடித்து, சிவப்பு மையில் ஒற்றை வரி எழுதியிருந்தார். 22/7 × 21 × 28 = 1848.

"எனக்குப் புரியல. ஆனா ஆரத்தையும் உயரத்தையும் பெருக்கணும் போலன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். ரெண்டாவது பரீட்சையில அதே மாதிரி கூடாரம் வந்தது. அதே மாதிரி பெருக்கினேன். ஐந்நூத்தி இருபத்தெட்டு வந்தது. டிக் போட்டிருந்தார். அவ்வளவுதாம்மா."

"வகுப்புல மத்தவங்களுக்கும் இப்படி அடிச்சாரா?"

"போன தடவை அந்தக் கணக்கைத் தொட்டது நான் ஒருத்திதான்."

மாஸ்டரம்மாவுக்கு நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. இரண்டாவது தேர்வின் அச்சிட்ட கேள்வித்தாளை எடுத்துவரச் சொல்லிப் பதினான்காவது கேள்வியை வாய்விட்டுப் படித்தாள். ஆரம் 7 அடி, உயரம் 24 அடி.

"ஏழடி ஆரத்துக்கு இருபத்து நாலடி உயரமா? இது கூடாரமா, கோபுரமா?"

அமுக்குணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மாஸ்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் அந்த எண்களிலேயே நின்றுவிட்டது. கை தானாகத் தரையில் கோடு இழுத்தது, பட்டறையில் சுண்ணக்கட்டி பிடித்து இழுப்பதுபோல.

"உயரம்னா நடுக்கம்பு, இல்லையா? நடுக்கம்பு இருபத்து நாலடி."

"ம்."

"துணி நடுக்கம்பு வழியாவா இறங்குது? சரிவுல இறங்குது. சரிவு கம்பைவிட நீளமாத்தானே இருக்கும்? கம்பு அளவுக்கே துணி வெட்டினா பத்தாது. ஓரம் தரையைத் தொடாம ஒரு அடி மேல நிக்கும். இப்படி ஒரு கூடாரத்தை நான் வெட்டிக் கொடுத்தா, என்னை அந்தக் கம்புலயே கட்டி வெப்பாங்க."

"ஒரு அடிதான்" என்றாள் அமுக்குணி மெதுவாக. அவள் முகம் மாறியிருந்தது. "சரிவு இருபத்தஞ்சு வரும். முதல் பரீட்சையிலயும் நான் இப்படித்தான் சரிவைக் கண்டுபிடிச்சுப் பெருக்கினேன். இருபத்தஞ்சை வெச்சுப் பெருக்கினா ஐந்நூத்தம்பது."

சார் சொன்ன பதினொரு பேரும் எழுதிய விடை அதுதான் என்று மாஸ்டரம்மா சொன்னாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்தப் பதினொரு பேரும் சரி" என்றாள் மகள். "வகுப்புலயே தப்பா போட்டது நான் ஒருத்திதான்."

"சாருக்கா கணக்குத் தெரியாது?"

அதற்கு விடை பாயிலேயே கிடந்தது. அமுக்குணிதான் முதலில் பார்த்தாள். சாரின் கையெழுத்துத் தாளில், பதினான்காவது கேள்வியில், உயரம் என்று இல்லை. 'சாயுயரம் 24 அடி' என்று இருந்தது. முதல் தாளை இழுத்துப் பார்த்தாள். அதிலும் 'சாயுயரம் 28 அடி'.

"சாயுயரம்னா?"

"நீ சொன்ன சரிவும்மா. சரிவோட நீளம். சார் சரிவைத்தான் கொடுத்திருக்கார். அப்ப நேரா பெருக்கினா போதும், அவர் விடை சரி. ஆனா எங்களுக்கு அச்சடிச்சு வந்ததுல உயரம்னு இருக்கு."

கணக்கு சாருக்கு மூன்று வகுப்பு, நூற்றுச் சொச்சம் விடைத்தாள். திருத்தும்போது தன் குறிப்பேட்டைத்தான் பார்ப்பார், அச்சிட்ட கேள்வித்தாளைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எல்லாரையும் சந்தேகப்பட்டவருக்குத் தன் கேள்வித்தாளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அமுக்குணி பழைய விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கே அடித்த அந்த முக்கால் பக்கத்தை விரலால் தடவினாள்.

"இதுக்கு அஞ்சு மார்க் போட்டிருந்தா முப்பத்தாறு. நான் ஃபெயில் ஆகவே இல்லம்மா."

இவ்வளவு நாளும் வராத அழுகை அப்போது வந்தது. முப்பத்தொன்று வந்தபோது அவள் அழவில்லை. தன் மூளை சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்டு, தெரிந்ததை அழித்துவிட்டுத் தெரியாததை மனப்பாடம் செய்திருந்தாள். அதைச் செய்யச் சொன்னது தான்தான் என்பது மாஸ்டரம்மாவுக்கு நெஞ்சில் குத்திற்று. மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே உன்னை ஒரு நாளும் சந்தேகப்பட மாட்டேன். என்னை நம்பு."

"ம்" என்றாள் அமுக்குணி. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா இப்ப எண்பத்து மூணுதான் வரும்" என்றாள்.

சித்தி ஆறு மணிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பாயில் விரிந்து கிடந்த தாள்களைப் பார்த்ததும், கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"என் தட்டுல நீ எதுக்குக் கை வெச்சே?"

"நீ எதுக்கு இதை ஒளிச்சு வெச்சே? அதை முதல்ல சொல்லு. நீ இவளுக்குக் கேள்வித்தாள் குடுத்தேன்னு சார் சொல்றார், இவ பேரையே பரீட்சைக்கு அனுப்ப மாட்டாராம்."

சித்தி சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள். அமுக்குணி 'சாயுயரம்' என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக் காட்டியதும், சண்டை அப்படியே அடங்கிப்போயிற்று. சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"அப்படி ஒரு வார்த்தை இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? அடிச்சா, தப்புன்னு கம்ப்யூட்டர் அடியில சிவப்புக் கோடு போடுது. மறுபடி அடிச்சேன், மறுபடி கோடு. சார் அவசரத்துல கை தவறி எழுதியிருப்பார்னு நினைச்சு, உயரம்னு திருத்தினேன். கோடு போயிடுச்சு. ரெண்டு தடவையும் அப்படித்தான் பண்ணேன். நல்லது பண்றோம்னு நினைச்சேன் அக்கா."

"எப்ப தெரிஞ்சது?"

"போன வாரம் சார் கடைக்கு வந்தார். பதினாலாவது கணக்கு ஒருத்திக்குத்தான் வந்திருக்கு, பதினொரு பேர் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்காங்கன்னு முதலாளிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார். நான் திருத்தின இடம் அதுன்னு எனக்குச் சட்டுனு ஞாபகம் வந்தது. இவ புத்தகத்தை வாங்கிப் பாத்தேன். சாயுயரம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. யாரும் ஒத்துப் பாத்துடக் கூடாதுன்னு தாளைக் கடையிலேருந்து எடுத்துட்டு வந்துட்டேன்."

"மடிச்ச ஓரத்தைப் பிரிச்சது?"

"விடை என்ன போட்டிருக்கார்னு பாக்கத்தான். என் தப்பு எவ்வளவு பெரிசுன்னு தெரிய வேண்டாமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"போன மாசம் ஒரு லேபிள்ல ஒரே ஒரு எழுத்து விட்டதுக்கு, ஏழு வருஷமா இருந்தவரை முதலாளி அன்னைக்கே போகச் சொல்லிட்டார். நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. இவளுக்கு இதனால ஒரு ஆபத்து வரும்னு மட்டும் சத்தியமா நினைக்கல. இவ பேரை சார் சொல்லவே இல்ல."

மாஸ்டரம்மா தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் சொன்னதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகிறதோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை வெளியே தள்ளிவிட்டு, தாள்களை அடுக்கினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு இதை ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில வெக்கப் போறேன். அச்சடிச்சதையும் வெக்கறேன். வார்த்தை மாறியிருக்கறதை அவங்களே பாக்கட்டும்."

"வை" என்றாள் சித்தி. "என் வேலை போனா போகுது. ஆனா இந்தத் தாள் எங்கேருந்து கிடைச்சதுன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்லுவே?"

மாஸ்டரம்மாவின் கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டு அலமாரியில், போர்வைக்கு அடியில், ஓரத்துப் பின் கழற்றிய நிலையில் கிடைத்தது. இதைத்தான் சொல்ல வேண்டும். பரீட்சை முடிந்த பிறகுதான் தாள் வீட்டுக்கு வந்தது என்பதற்குத் தங்கையின் வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சிவப்பு மை வரியைக் காட்டினாலும், மகளைக் காப்பாற்ற வார்த்தை மாறியதையும் காட்ட வேண்டும்; அதற்கு இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். இதைக் கண்ணால் பார்த்த பிறகு கணக்கு சாருக்கு வேறு விசாரணையே தேவைப்படாது. காட்டாமல் போனாலும் கெடுதல், காட்டினாலும் கெடுதல்.

"சார் நல்லவர்தான்" என்றாள் அமுக்குணி. "சரிவுன்னு சொன்னா அவருக்குப் புரியும்."

"கணக்கு புரியும். நம்ம வீடு புரியாதே" என்றாள் மாஸ்டரம்மா. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவளாக நிமிர்ந்தாள். "என்ன ஆனாலும் சரி. உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். மூணு பேரும் போவோம். நீயும் வா."

சித்தி தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து அலமாரிக்குப் போனவள், நடுத்தட்டில் கையை விட்டுத் துழாவினாள். போர்வையை எடுத்து உதறினாள். கீழே இருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள்.

"என்னடி தேடறே?"

"மூணாவது எங்க அக்கா?"

"எந்த மூணாவது?"

"மூணாவது மாதிரித் தேர்வுத் தாள். திங்கட்கிழமை பரீட்சை. நேத்து சாயந்திரம்தான் சார் எதையும் சந்தேகப்படாதவர் மாதிரி கொடுத்துட்டுப் போனார். டைப் அடிக்கறதுக்கு முன்னாடி, புத்தகத்தோட வார்த்தை வார்த்தையா ஒத்துப் பாத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன். மறுபடி அதே தப்பைப் பண்ணக் கூடாதுன்னுதான். மூணையும் ஒண்ணா மடிச்சு இங்கதான் வெச்சேன்."

"ரெண்டுதான் இருந்தது."

"மூணு வெச்சேன் அக்கா."

இரண்டு பேரும் அமுக்குணியின் பக்கம் திரும்பினார்கள். அந்த வீட்டில் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, போர்வைகளை மடித்து அலமாரியில் வைப்பது யார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அமுக்குணி எழுந்தாள். போய்ப் புத்தகப் பையை எடுத்துவந்து, நடுக்கூடத்தில் தலைகீழாகக் கவிழ்த்தாள். புத்தகங்கள், நோட்டுகள், பேனா டப்பா, ஒரு வெள்ளைக் கைக்குட்டை எல்லாம் விழுந்தன.

வேண்டாம், எடுத்து வை என்று சொல்லத்தான் மாஸ்டரம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் கண் போய்விட்டது. கண்ணுக்குப் பின்னாலேயே கையும் போயிற்று. கணக்குப் புத்தகத்தை எடுத்து, அட்டையைப் பிடித்து உதறினாள். அறிவியலை உதறினாள். பேனா டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது தாள் இல்லை.

"நான் எடுக்கலம்மா" என்றாள் அமுக்குணி.

அதை நம்ப வேண்டும் என்று மாஸ்டரம்மாவுக்கு உயிர் போகிற ஆசையாக இருந்தது. ஆசைதான் இருந்தது. நம்பிக்கை வரவில்லை. வரவில்லை என்பதை மகள் பார்த்துவிட்டாள்.

அவள் கீழே உட்கார்ந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் திரும்ப வைக்க ஆரம்பித்தாள்.